அம்மா வெட்ட விடாத பாலை

பாலைப்பழம் தின்றால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் தடவித்தான் பிரிக்க வேண்டும்.

நேற்று குரூப்பில் உங்களில் யாரோ அந்த மஞ்சள் பழங்களின் படத்தைப் போட்டு, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது... வேறு மாதிரி.

முல்லைத்தீவுப் பக்கம் காட்டோரமாக மரங்களை வெட்டி நாங்கள் தோட்டக் காணி ஆக்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வீரை, முதிரை மரங்கள் எல்லாம் விழுந்தன. நடுவில் ஒரு பாலை மரம் நின்றது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும், அவ்வளவு உயரம்.

அப்பா கோடரியோடு போக, அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"முதல் நாள் காட்டுக்குள்ள இறங்கேக்க ஐயனாருக்கு இதிலதான் குழை முறிச்சுக் கட்டினனான். இதில கை வைக்காதேங்கோ."

காட்டுக்குள் இறங்குகிறவர்கள் இலையோடு ஒரு குழையை முறித்து மரத்தில் தொங்கவிட்டுக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா திரும்பி வந்துவிட்டார்.

பக்கத்துக் காணி மாமா சிரித்தார்.

"நாங்களும்தான் கட்டினனாங்கள் தங்கச்சி. ஐயனார் வேற மரம் பாப்பார்."

அவர் தன் காணியில் ஒன்றையும் விடவில்லை. அடிக்கட்டைகளையும் எரித்தார்.

ஆறு வருடம் உளுந்தும் கச்சான் கடலையும் போட்டோம். பிறகு சண்டை, இடம்பெயர்வு, செட்டிகுளத்து முகாம்... திரும்பி வந்தபோது எல்லாக் காணியும் புதர்ப்பற்றை. ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. அந்தக் காலத்தில் யார் எழுதித் தந்தார்கள்?

எது காடு, எது தோட்டம் என்று பார்க்க வன இலாகா அதிகாரி ஒருவர் வந்தார். மாமாவின் காணியில் பற்றைக்கு மேலே ஒரு மரமும் இல்லை. தோட்டம் என்று எழுதி அவருக்கே விட்டார். எங்களிடம் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"உங்கட தோட்டம் எண்டா இந்த மரத்தை ஏனம்மா விட்டு வச்சனீங்கள்?"

அம்மா குழை கட்டிய கதையைச் சொன்னார். அந்த மனுசன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இது காடுதான் அம்மா."

அடுத்த கிழமை எங்கள் காணியைக் காட்டோடு சேர்த்து எல்லைக்கல் போட்டார்கள். அப்பா சாகும்வரை மாமாவின் காணியில் கூலிக்குப் போனார். வெட்டினவருக்குக் காணி, விட்டவருக்குக் கல். மரம் நடுவோம் என்று போஸ்ட் போடுகிறவர்கள் கோபிக்க வேண்டாம், என்னால் லைக் போட முடிவதில்லை.

இப்போது கிளிநொச்சியில் இரண்டு பரப்பு நிலத்தில் வீடு. உறுதி என் பெயரில். போன கிழமை மதிலோரம் ஒரு கன்று முளைத்திருந்தது. ஏதோ குருவி போட்ட விதையாக இருக்கும். இலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பாலை.

குனிந்து பிடித்தேன். இழுக்க மனம் வராமல் அம்மாவைப் பார்த்தேன்.

"என்னைப் பாக்காத. வேரோட இழு," என்றார்.