கறுப்புக் கண்ணாடியும் ஒரே துணியும்

கறுப்புக் கண்ணாடி விற்கிறவனுக்கு வெயில் காலத்தைவிடக் கண்நோய்க் காலம்தான் அறுவடை. பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனையான ஏ.எல். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு பான்சிக் கடையில் நான் அந்த அறுவடையில் நின்றேன். காலையில் எழும்பினால் இமை ஒட்டிப்போய், கண்ணுக்குள் மண் போட்டதுபோல் உறுத்தி, சனம் உங்களைக் கண்டதும் மற்றப் பக்கம் திரும்பிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நீங்களும் நானும் ஒரே கட்சி.

எங்கள் வீட்டுக் கலியாண அல்பத்தில் மணப்பெண்ணான என் ஜெனி அக்கா எல்லாப் படத்திலும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறா. என்ன அடக்கமான பொம்பிளை என்று பார்க்கிறவர்கள் புகழ்கிறார்கள். உண்மைக் காரணத்தைக் கேட்டால் நல்லாய்ச் சிரிப்பீர்கள். ஆனால் இப்போது சொல்லமாட்டேன். அதுவரை கண்ணைக் கசக்காமல் இருங்கோ.

அரசாங்கக் குரல்

எனக்கு எல்லார் குரலும் வரும். பஸ் கொண்டக்டர், பங்குச் சுவாமி, பள்ளிக்கூட அதிபர், ஆரைக் கேட்டாலும் எடுத்துவிடுவேன். கண்நோய் பரவத் தொடங்கிய கிழமை, கடைக்காரர் இராசன் அண்ணை வாசலில் ஒரு ஸ்பீக்கர் கட்டி, ஏதாவது பேசித்தா என்றார். சுகாதாரப் பரிசோதகர் ஐயா மீன் சந்தையில் கதைக்கிற மாதிரி, மூக்கால் கொஞ்சம், தொண்டையால் கொஞ்சம் எடுத்துப் பதிவு செய்தேன். கண்நோய்க்காரரைப் பார்த்தாலே தொற்றும், பொதுமக்கள் உடனடியாகக் கறுப்புக் கண்ணாடி அணியுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று முடித்தேன்.

பார்த்தால் தொற்றும் என்பதை நானும் முழுதாய் நம்பித்தான் சொன்னேன். குரல்தான் பொய். மத்தியானத்துக்குள் கண்ணாடி மாட்டியிருந்த சுழல் தட்டு பாதி காலி. இராசன் அண்ணை கணக்குப் பார்த்துவிட்டு என்னை ஏறிட்டார்.

"தம்பி, நீ சோதனை பாஸ் பண்ணாட்டில் நல்லது. உன்னை இஞ்சையே வைச்சிருக்கலாம்."

சந்தனப் பொட்டு ஐயா

நல்லூரிலிருந்து நேரே வந்த ஒரு ஐயா. நெற்றியில் அப்பிய சந்தனம் மூக்குவரை வழிந்து காய்ந்திருந்தது. இரண்டு கண்ணும் செம்பரத்தம்பூ. அவரைப் பார்க்காமல் வியாபாரம் செய்யவேண்டுமே. இராசன் அண்ணை முகட்டைப் பார்த்துக்கொண்டு விலை சொன்னார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு கண்ணாடி நீட்டினேன்.

ஐயா தட்டிலிருந்த அத்தனையையும் போட்டுப் பார்த்தார். அவர் கழற்றித் தரத் தர, நான் வாயால் ஊதி, மேசையில் கிடந்த மஞ்சள் துணியால் துடைத்துத் திரும்ப மாட்டினேன். கடையில் இருந்தது அந்த ஒரு துணிதான். அதே கையால் என் மூக்கையும் துடைத்திருப்பேன். ஐயா கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை.

"கண்ணாடியெல்லாம் வடிவுதான் தம்பி. ஆனா ஒண்டுக்குள்ளாலையும் எனக்கு ஒண்டும் தெரியுதில்லை."

அக்காவுக்கு ஒரு பரிசு

ஜெனி அக்காவுக்கு அடுத்த புதன்கிழமை குருநகரில், வேதக்காரரான எங்களுடைய தேவாலயத்தில் கலியாணம். மாப்பிள்ளை கப்பலில் வேலை. கிடைத்த லீவு அவ்வளவுதான், நாளை மாற்ற வழியில்லை. வெள்ளை முக்காட்டுக்குள் சிவப்புக் கண்ணோடு நிற்கவேண்டி வருமோ என்ற பயத்தில் அக்கா வாசலுக்கே வருவதில்லை. சட்டை அளவெடுக்க வந்த தையல்கார அக்காவைக்கூடக் கதவிடுக்கால்தான் பார்த்தா.

எனக்குப் பாவமாய் இருந்தது. சுழல் தட்டில் மிஞ்சியதில் பெரிய கண்ணாடியை எடுத்து, இன்னும் ஒருக்கால் ஊதி, மஞ்சள் துணியால் பளபளவென்று துடைத்துக் கொண்டுபோனேன். பங்குச் சுவாமியின் குரலில் ஆசீர்வதித்து அக்காவின் முகத்தில் நானே மாட்டினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. பிறகு என் தலையைத் தடவினா.

"எனக்கெண்டு யோசிச்சு நீ செய்த முதல் நல்ல காரியம் இதடா."

உண்மையான ஆள்

சில நாள் கழித்து, வாசலில் ஸ்பீக்கருக்குக் கீழே சுகாதாரப் பரிசோதகர் ஐயாவே நின்று தன் குரலை முழுதாகக் கேட்டார். நான் ஓடிப்போய் ஸ்பீக்கரை நிறுத்தினேன். அவர் உள்ளே வந்து, கண்ணுக்குக் கண் பார்த்து ஒருவருக்கும் நோய் வந்ததில்லை என்று ஆரம்பித்தார். கண்ணீரும் பீளையும் பட்ட கை, துவாய், தலையணை உறை, கண்ணாடி, இவைதான் நோயைக் காவுமாம். பெரும்பாலும் வைரஸ்தானாம். ஒரு கிழமை, இரண்டு கிழமையில் தானாய்ச் சுகமாகுமாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதித்தாறிய தண்ணியில் பஞ்சை நனைத்துத் துடைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிட வேண்டுமாம். தாய்ப்பால் விடக்கூடாது, மற்றவரின் சொட்டு மருந்தும் விடக்கூடாது. கண் நொந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே ஆசுப்பத்திரி.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே நான் பழக்கதோசத்தில் ஒரு கண்ணாடியை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்.

"குரலை விடு தம்பி. உந்தத் துணி எப்ப துவைச்சது?"

பைப்படியில்

சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் பறந்தேன். அக்கா படுத்திருந்தா. தலைமாட்டிலிருந்த கண்ணாடியை மெல்ல எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். மூக்கில் அழுந்துகிற இடத்துக்குள்ளிருந்து மஞ்சளாய் ஏதோ கரைந்து, முற்றமெல்லாம் மணத்தது.

பின்னால் அக்கா. ஒரு கண்ணைப் பொத்தியிருந்தா. மற்றக் கண் சிவப்பு. காலையில் இமை ஒட்டியிருந்ததாம். அந்தத் தையல்காரிதான் நோயைக் கொண்டுவந்து தந்திருக்கிறாள், அவளைக் கலியாணத்துக்கே கூப்பிடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாவாம். தையல்கார அக்காவின் குரலில் வீட்டுக்குப் போனெடுத்து ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் விசயம் அதோடு முடியுமே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைக்கக் கூசுகிறது.

அக்கா குனிந்து தண்ணியைப் பார்த்தா. மணந்து பார்த்தா. என்னைப் பார்த்தா.

"நாங்கள் வேதக்காரர். எங்கடை வீட்டிலை ஆரடா சந்தனம் பூசுறது?"

ஊரில் இருக்கிற எல்லார் குரலும் வருகிற நான், முதல்முறையாய் என்னுடைய குரலில் சந்தனப் பொட்டு ஐயாவையும் மஞ்சள் துணியையும் சொன்னேன். புதன்கிழமை, படமெடுக்கிறவர் நிமிரச் சொல்லச் சொல்ல, அக்கா சிவப்புக் கண்ணை நிலத்திலேயே வைத்திருந்தா.