முதலில் முகர்ந்தவரை அழைத்து வரவும்

வெள்ளிக்கிழமை இரண்டாம் பாடவேளையில் கவிதா டீச்சர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "சார், நம்ம நயினார் மெக்கானிக் தவறிட்டாராம். காலையில நெஞ்சு வலியாம்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்த வரியையே கரும்பலகையில் மறுபடியும் எழுதினேன். பிள்ளைகள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. அன்று முழுக்க ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அவரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு மன்னிப்பை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டவன் நான். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்து எழுதக் கை வரவில்லை.

அவலூர்பேட்டை சாலையில் ஸ்ரீபால் நயினாரிடம் வண்டி விட்ட உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் சமண வீட்டு வழக்கம். அதனால் ஐந்தரைக்கு ஷட்டர் இறங்கிவிடும், யார் வந்து கெஞ்சினாலும் சரி. ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவி நிறுத்தினால் அவர் சொல்வது ஒன்றுதான்: "பொட்டு வைங்க, பூ வைங்க. கற்பூரத்த மட்டும் பத்தடி தள்ளிக் கொளுத்துங்க. சாமிக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

அது எனக்காகவே சொன்னதுபோல் இருக்கும். பழைய கார் ஒன்றை வாங்கி, நாங்கள் நான்கு ஆசிரியர்கள் திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கு அதில் போய்வந்துகொண்டிருந்தோம். பின்சீட்டில் பெட்ரோல் வாடை வருகிறது என்று கவிதா டீச்சர்தான் முதலில் சொன்னார். அப்போது அவருக்கு நாலாம் மாதம். மாசமாக இருப்பவர்களுக்கு எதைக் கண்டாலும் குமட்டும் என்று ஆண்கள் மூவரும் முடிவு கட்டிவிட்டோம். போதாததற்கு நான் தினமும் காலையில் டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு ஒன்றுக்கு இரண்டாக ஊதுபத்தி கொளுத்தினேன். பெட்ரோல் ஆவி நிற்கிற வண்டிக்குள் நெருப்பு வைத்தவன் வாத்தியார்! மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டே வர ஆரம்பித்தார். வயிற்றில் பிள்ளையோடு அவர் பஸ் படியில் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வண்டியை நயினாரிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைத் திறக்கவேயில்லை. வாடை எப்போது ஜாஸ்தி, எப்போது கம்மி, டேங்க் நிரப்பிய அன்றா, மற்ற நாளிலுமா, ஓடும்போதா, நிறுத்திய பிறகா என்று கேட்டுக்கொண்டே போனார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்களே உட்கார்ந்து மோந்து பாருங்களேன் என்றேன், கொஞ்சம் எரிச்சலோடு. அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"எனக்கு வாசனை தெரியாது சார். அந்தக் கொரோனா காய்ச்சல் வந்துச்சே, அதோட போயிடுச்சு. வெளிய யாருக்கும் தெரியாது, உங்ககிட்டதான் சொல்றேன். மொதல்ல மோந்தது யாரோ அவங்களக் கூட்டிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை டேங்க்கை நிரப்பிக்கொண்டு கவிதா டீச்சரோடு போனேன். நயினார் கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, ஒவ்வொரு சீட்டாக டீச்சரைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்ததும் டீச்சர் மூக்கைப் பொத்தினார். அவரை இறங்கித் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நயினார் அந்த சீட்டைத் தூக்கினார். அடியில் ஒரு தகர மூடி, அதற்குக் கீழே டேங்க்கில் பொருத்திய பம்பு. என் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை வாங்கிப் பொடித்து, பம்பைச் சுற்றித் தூவினார். ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கத்துப் பொடி மட்டும் நனைந்து கருத்தது. அந்த இடத்து ரப்பர் வளையம் ஊறிப் பிளந்திருந்தது. புது வளையம் போட்டு, ஆவி போகும்வரை வண்டியைத் திறந்து போட்டுவிட்டு, பிறகு கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கிரிவலப் பாதையில் ஒரு சுற்று வந்தோம். கவிதா டீச்சர் மூச்சை இழுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். "சமண வீட்டுப் பிள்ளை நான், கஸ்டமர் வண்டியிலயே மலைய நூறு தரம் சுத்திட்டேன்" என்று நயினார் சிரித்தார். அவ்வளவு நிம்மதியாக அவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஏனென்றால் மறுநாளே ஆசிரியர் அறையில் அவருக்கு வாசனை தெரியாததை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டேன். மூக்கில்லாத மெக்கானிக் என்று பெயரும் நானே வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் குஷியாக இருந்தது. கேட்டவர்களில் ஒருவரின் மைத்துனர் ரமணாசிரமம் பக்கம் வாடகைக் கார் ஓட்டுபவர். ஒரு மாதத்துக்குள் அந்தப் பக்கத்து வண்டிகள் நயினாரிடம் வருவது நின்றுபோனது. வாசனை தெரியாதவனிடம் பெட்ரோல் வண்டியை எப்படி விடுவது என்று பேசிக்கொண்டார்கள். நான் போனபோது பட்டறையில் ஒரு வண்டிகூட இல்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொய்யா சொன்னீங்க? உண்மையத்தான் சொன்னீங்க. ஆனா அத சொல்ல வேண்டியவன் நான் சார்" என்றார்.

நான் வைப்பர் சரியாக ஓடவில்லை என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வைப்பருக்கு ஒன்றுமேயில்லை.

பிறகு அவர் வைத்த போர்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "எனக்கு வாசனை தெரியாது. பெட்ரோல் வாடை என்றால் முதலில் முகர்ந்தவரை அழைத்து வரவும்." முதலில் அதைப் போட்டோ எடுத்துச் சிரித்தார்கள். அப்புறம் மனைவியை, மாமியாரை, பின்சீட்டில் முனகுகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். யார் சொன்னாலும் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாக வாடகைக் கார்களும் திரும்பின. எல்லாம் சரியாகிவிட்டது, இனி எதற்குப் பழைய பேச்சு என்று நானும் சௌகரியமாக இருந்துவிட்டேன்.

சாவுக்குப் போனபோது அவர் மனைவி என்னை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான் அந்த ஸ்கூல் சாரா? உங்களப் பத்தி அவரு ஒரு நாளும் தப்பாப் பேசினதில்லங்க." பிறகு சொன்னார்: "போர்டு எழுதறதுக்கு முன்னாடி ஆறு மாசம் அவரு தூங்கல. தொழில் தெரியாதவன்னு ஊரு நெனச்சிடுச்சேன்னு எழுந்து எழுந்து உக்காருவாரு."

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டிய ஆள் கூடத்தில் படுத்திருந்தார்.

ஸ்ரீபால் நயினாரின் பொறுமையும் கைத்திறனும் உங்கள் நினைவில் இருக்கட்டும். அவை உங்களுக்கு அவர் கொடுத்தவை. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த ஆறு மாதத் தூக்கம். அதைத் திருப்பிக் கொடுக்க இப்போது ஆள் இல்லை.