பிர்னோவில் அக்கா நட்ட பச்சைக் கொடிகள்

செக் நாட்டில் பிர்னோ என்று ஓர் ஊர் இருக்கிறது. தலைநகரம் இல்லை, அதற்கு அடுத்த பெரிய ஊர். கோலாலம்பூருக்குத் தெற்கே எங்கள் ஆயர் குரோவில் யாரையாவது நிறுத்தி பிராக் என்று சொன்னால் தலையாட்டுவார்கள். பிர்னோ என்றால் ஏதோ மருந்தா என்று கேட்பார்கள். ஆனால் அந்த ஊரில் எந்த டிராம் எங்கே போகும், எந்தத் தெருவில் பூண்டு சூப் நன்றாக இருக்கும், கோட்டை மேட்டில் ஏற எத்தனை நிமிடம் என்று எல்லாம் எனக்குத் தெரியும். நானும் அக்கா மகளும் ஐந்து நாள் ஜாலியாகச் சுற்றிவிட்டு வரத் திட்டம் போட்டோம். ஜாலி! இந்த வார்த்தையை எழுதும்போதே எனக்கு என் மேல் எரிச்சலாக வருகிறது.

அக்கா பக்கத்துக் கடலோர ஊரான தங்கா பத்துவில் இருந்தாள். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மாமா போனபின் அந்த வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். நான் கல்யாணம் காட்சி இல்லாமல் ஒரு பேக்டரியில் ஸ்டோர் கிளார்க்காகக் காலம் தள்ளுகிறவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். அக்கா இறந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. எனக்கென்று மிச்சமிருப்பது அக்கா மகள் ஒருத்தி. அவளுக்கும் நான் ஒருத்திதான்.

அக்கா போய் நாலு மாதம் இருக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் போனை ஒருவழியாகத் திறந்துவிட்டேன் என்று அக்கா மகள் என்முன் நீட்டினாள். வரைபடத்தில் நாம் போக ஆசைப்படும் இடங்களில் பச்சைக் கொடி குத்தி வைக்கலாமே, அந்தக் கொடிகள். சிங்கப்பூரில் ஒன்றும் இல்லை, இந்தியாவில் ஒன்றும் இல்லை. இருபது முப்பது கொடிகளும் ஒரே ஊரில், பிர்னோவில்.

“சித்தி, அம்மா உங்ககிட்ட இதப்பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

“எனக்கென்ன தெரியும்?” என்றேன்.

வாய் முந்திக்கொண்டது. எனக்கு எல்லாமே தெரியும்.

பிர்னோவை அக்கா ஒரு வீடியோவில்தான் கண்டுபிடித்தாள். அந்த ஊரின் பெரிய தேவாலயத்தில் மத்தியான மணியைப் பதினொரு மணிக்கே அடித்துவிடுவார்களாம். நாங்கள் பிறந்தது அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே ரப்பர்ப் பாலை நிறுத்து முடிக்கும்போது பதினொன்று ஆகும், பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு அதுதான் மத்தியானம். நம்ம ஆளுங்க ஊர்லா அது என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மே மாதம் நாம் இரண்டு பேரும் போகிறோம் என்று அவளே முடிவும் செய்துவிட்டாள். ஒரே ஒரு கட்டளை: டிக்கெட் கைக்கு வருகிறவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது, மகளிடம்கூட. கண்ணு பட்டுவிடும். எங்கள் வீட்டில் எதற்குமே இப்படித்தான். சாவி கைக்கு வந்தால்தான் வீடு வாங்கியதைச் சொல்வோம். பிள்ளை உண்டானால் மூன்று மாதத்துக்கு வாயைத் திறக்க மாட்டோம். அதனால் பிர்னோ எங்கள் இருவருக்குள்ளேயே இருந்தது. அதில் நான் சொன்ன பொய்யைக் கண்டுபிடிக்கவும் மூன்றாவது ஆள் இல்லாமல் போயிற்று.

லீவு கிடைக்கவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மேனேஜர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருப்பார். பணப் பிரச்சினையும் இல்லை, பிளேன் பயமும் இல்லை. வீம்பு. பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவள்தான் முடிவு செய்தாள், நான் பின்னாலேயே போனேன். எந்தச் சட்டை, எந்த ஸ்கூல், எந்த மாப்பிள்ளை வேண்டாம் என்பதுவரை. ஒரு தடவையாவது அவள் எனக்காகக் காத்திருக்கட்டுமே என்று நினைத்தேன். ஐம்பத்து மூன்று வயதில் இந்தப் புத்தி. கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவள் கோபப்படவில்லை. சரி, அடுத்த வருடம் போவோம் என்றாள். அந்த ஊர் ரோடெல்லாம் கல் பாவியது, அதற்குள் காலைப் பழக்கிக்கொள்கிறேன் என்று புது ஷூ வாங்கி, சாயங்காலங்களில் கடலோரமாக நடக்க ஆரம்பித்தாள். ஆகஸ்டில் ஒருநாள் அப்படி நடக்கும்போதுதான் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் எல்லாம் முடிந்துவிட்டது. எங்கே இருந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆகியிருக்கலாம். ஆனால் மே மாதம் போயிருந்தால் அவள் பிர்னோவைப் பார்த்துவிட்டு அல்லவா போயிருப்பாள்!

அக்கா மகளுக்கு இது எதுவும் தெரியாது. அம்மா சர்க்கரைக்காக நடந்தாள் என்றே நினைத்திருந்தாள். கொடிகளைப் பார்த்ததும் அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். அடுத்த வருடம் அவளுக்கு முப்பது வயது. அதற்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் அம்மா ரகசியமாகத் திட்டம் போட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டினாள். அம்மா இடத்தில் நீங்கள் வாருங்கள் சித்தி என்று என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் அத்தனை மாதம் கழித்து ஒரு வெளிச்சம். அதை அணைக்க எனக்கு வாய் வரவில்லை.

வருடத் திதி முடியாமல் எங்களில் யாரும் உல்லாசப் பயணம் போக மாட்டோம். திதிக்கு அடுத்த மாதத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்தோம். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒவ்வொரு கொடியாகத் திறந்து பார்ப்போம். சில கொடிகளுக்குக் கீழே அக்கா குறிப்பு எழுதியிருந்தாள். அக்கா மகள் விரல் கொடிமேல் பட்டால், அவளுக்கு முன்னால் குறிப்பைப் படித்துவிடப் பார்ப்பேன். பழைய நகர மன்றத்தில் தொங்கும் டிராகனுக்கு, ‘பக்கத்துல பாத்தா முதலைதான்’ என்று எழுதியிருந்தாள். காய்கறிச் சந்தைக்கு, ‘பேரம் பேசக் கூடாது’. ஒரு தேவாலயத்துக்கு அடியில் ஆயிரக்கணக்கான பேரின் எலும்பை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடியில், ‘பயந்தாங்கொள்ளிய வெளியிலயே உக்கார வெச்சிட்டுப் போகணும்’ என்று இருந்தது.

“என்னத்தான் சொல்றாங்க சித்தி” என்று அக்கா மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பல்லிக்கு அலறுகிறவள், அதனால் தன்னைத்தான் என்று நம்பிவிட்டாள். சின்ன வயதில், பொழுது சாய்ந்தால் தோட்டத்து லயன் வீடுகளின் கொல்லைப் பக்கம் அக்கா துணையில்லாமல் போக மாட்டேன் என்று அடம் பிடித்தவள் நான். அந்தப் பட்டப்பெயர் ஐம்பது வருடமாக என்னுடையது.

அன்றிலிருந்து அக்கா என்னை விடவில்லை. ராத்திரியில் வந்தால் கனவு என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் பட்டப்பகலில் வந்தாள். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் ஹோட்டல் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது தோளுக்குப் பின்னால் நின்றாள். ஜன்னல் இருக்கா பாரு என்பாள். லிப்ட் இருக்கா கேளு என்பாள். ஒருமுறை நான் சத்தமாகவே இருக்குக்கா என்று பதில் சொல்லி, பக்கத்து மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். லீவைப் பற்றி மட்டும் அக்கா ஒருநாளும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திதிக்குத் தங்கா பத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். இலையில் நண்டுப் பிரட்டல், கத்தரிக்காய்ச் சாம்பார், பக்கத்தில் சர்க்கரை இல்லாத கோப்பி. படத்துக்கு முன் புதுத்துணி வைப்பது எங்கள் வழக்கம். படைத்த துணியைப் பிறகு வீட்டில் ஒருவர் உடுத்திக்கொள்வோம். சேலை வைப்பாள் என்று பார்த்தால், அக்கா மகள் ஒரு பச்சை நிறக் குளிர்கோட்டை மடித்து வைத்தாள். கோலாலம்பூர் வரை போய் வாங்கினாளாம். சூடம் காட்டிவிட்டுப் படத்தைப் பார்த்து, என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டாய், இப்போது நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் அம்மா என்று சொன்னாள். பிறகு கோட்டை எடுத்து விரித்து, போட்டுக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டினாள்.

என்னால் கையை நீட்ட முடியவில்லை. “அத என்கிட்ட குடுக்காத” என்றேன். ஏன் என்றாள். சொல்லிவிட்டேன். அம்மா கூட்டிக்கொண்டு போக இருந்தது உன்னை இல்லை, என்னை என்றேன். மே மாதத்தைச் சொன்னேன், லீவைச் சொன்னேன், ஷூவையும் சொன்னேன். பயந்தாங்கொள்ளி யார் என்பதையும் சொன்னேன். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே சந்தோஷத்தை என் வாயாலேயே பிடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை.

அவள் கோட்டை மறுபடியும் மடித்தாள். வெகுநேரம் மடித்தாள்.

“லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?”

“குடுத்திருப்பாங்க.”

அவள் எழுந்துபோய்க் காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு வந்தாள். எனக்கு இலை போட்டாள், நண்டு வைத்தாள், சாம்பார் ஊற்றினாள். படைத்த சோற்றை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், அவளுக்கும் அது தெரியும். தனக்குப் பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் அந்த இலை முன்னால் தனியாக உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் அவள் குரல் பதிவு வந்திருந்தது.

“டிக்கெட்ட கேன்சல் பண்ணாதீங்க சித்தி. நான் வரேன். ரூம் மட்டும் தனித்தனியா போடுங்க.”

அன்றைக்கே மாற்றினேன். அந்த ஹோட்டலில் ஒற்றைக் கட்டில் அறை இல்லை. ஆளுக்கு இரண்டு கட்டில் போட்ட அறைதான் கிடைத்தது. அடுத்த வாரம் கிளம்புகிறோம். என் அறையில் இருக்கப்போகும் அந்தக் காலிக் கட்டிலை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தத் தடவை அக்கா கேட்பாள், லீவைப் பற்றி.