முட்டிக்குள் காசளவு பள்ளம்

தேய்ந்துபோன மூட்டு மறுபடி வளருமா? எங்கள் தெருவில் டைல்ஸ் பதிக்கும் அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டார்.

இருபது வருடம் முட்டி போட்டே பிழைத்தவர் அக்கா. கணவர் டைல்ஸை அளந்து வெட்டிக் கொடுப்பார். அக்கா அதைப் பதித்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, காதாலேயே சோதிப்பார். அடியில் எங்காவது பசை பிடிக்காமல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். நாற்பது வயதில் வலது முட்டி மக்கர் செய்தது. சுவரைப் பிடிக்காமல் எழ முடியவில்லை.

"எந்த வாத்தியாரு முட்டி போடச் சொன்னாரு? இன்னும் எழுந்திருக்காம இருக்கே!" என்று கணவர் சீண்டினார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டி போட முடியாவிட்டால் தொழிலே இல்லை.

டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். "எலும்பு நுனியில மெத்தை மாதிரி குருத்தெலும்பு இருக்கும்மா. உங்களுக்கு அதுல காசளவு பள்ளம். இடுப்பெலும்புல இருந்து மஜ்ஜை எடுத்து, அதுல இருக்கிற ஸ்டெம் செல்லை லேப்ல வளர்த்து, அந்தப் பள்ளத்துல வைப்போம். புதுக் குருத்தெலும்பா அது மாறணும். எல்லாருக்கும் பலிக்காது. ஆறு வாரம் அந்தக் கால்ல எடை விழவே கூடாது."

"காயறதுக்கு ஆறு வாரமா டாக்டர்?"

"காயறதுக்கு இல்லம்மா, பிடிக்கறதுக்கு. நல்லா கெட்டியாக ஒரு வருஷம்கூட ஆகும்."

சிகிச்சை முடிந்தது. நான்காவது வாரம் வலி சுத்தமாக இல்லை. குணமாகிவிட்டது என்று அக்காவே தீர்ப்பு எழுதிக்கொண்டார். கணவர் கீழ்வீட்டில் தரை போட்டுக்கொண்டிருந்தார். அவர் தட்டும் சத்தத்தில் ஏதோ பிசகு. காதில் விழுந்த பிறகு அக்காவுக்கு இருப்புக் கொள்ளுமா? ஊன்றுகோல்களோடு இறங்கிப் போய், அவற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, முட்டி போடக் குனிந்தார்.

கணவர் குறுக்கே பாய்ந்தார். "போட்ட அன்னைக்கே தரையில நடந்தாருன்னு ஒரு வீட்டுக்காரரை என்ன திட்டு திட்டின! மேல பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கும், அடியில இன்னும் பிடிக்கலைன்னு கத்தினது யாரு?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சொன்னதைத் தன் முட்டிக்குச் சொல்ல மறந்திருந்தார். பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஊன்றுகோலை நீட்டினார். "சரிங்க, அந்த மூலை டைலைப் பிரிச்சு எடுங்க. அடியில பசையே இல்ல."

"உட்கார்ந்த இடத்துலயும் அதிகாரம் குறையல!"

ஆறு வாரம் முழுசாகப் பொறுத்தார். பிறகு மாதக்கணக்காகப் பயிற்சி. ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் பள்ளம் ஏறக்குறைய நிரம்பியிருந்தது; இனி முட்டி போடலாம் என்றார் டாக்டர். மறுநாளே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் அக்கா முட்டி போட்டார். சாயங்காலம்வரை பதினெட்டு வரிசை. கடைசி டைலைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு கணவர் நீட்டிய கையை ஒதுக்கிவிட்டு, சுவரையும் தொடாமல், ஒரே மூச்சில் எழுந்து நின்றார்.

"என்ன பாக்கறீங்க? அடுத்த ரூம் எங்க?"

முட்டி வலியால் தொழிலை விட நினைக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அக்காவின் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். தங்கள் முட்டிக்கு இது பொருந்துமா என்று நல்ல டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.