காதில் பஞ்சு வைத்த கண்காணிப்பாளர்

‘எச்சரிக்கை ஒலிகளை இடைவிடாது கவனிக்கும் பொறுப்பு அலுவலர்’ என்று கழுத்தில் தொங்கும் அட்டையில் அச்சிட்டிருக்கிறது. அட்டைக்குரிய மாதவராஜ், வார்டிலிருந்து எடுத்துவந்த பஞ்சை உருட்டி இரு காதிலும் செருகிக்கொண்ட பிறகே கணினியைத் திறப்பார்.

தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே லேபுக்கு ஒரு மென்பொருள், மருந்துக்கடைக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று. மூன்றையும் மேய்க்க மாதவராஜ் எழுதியது நான்காவது, பெயர் ‘காவலன்’. அதற்குச் சொந்தப் புத்தி கிடையாது, விதிகள்தான். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் கூவும். ஒவ்வாத மருந்து எழுதினால் கூவும். லேபிலிருந்து கொஞ்ச நேரம் ஒன்றும் வராவிட்டால், இணைப்பு போயிற்றோ என்று அதற்கும் கூவும். இது வந்த பிறகு லேப்காரர்கள் டாக்டருக்குப் போன் செய்வதை விட்டுவிட்டார்கள். அதுதான் கூவுமே!

எழுதியவருக்கோ சத்தம் என்றாலே ஆகாது. பைக்கின் ஹாரன் வயரைப் பிடுங்கி வைத்திருக்கிறார். காரிமங்கலம் சந்தையில் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரே மனிதர் அவர்தான். “கத்தறதுக்கு ஒரு அளவு வேணாமாங்க? மனுசன் வேலை பாக்கறதா, வேணாமா?” என்பார். கத்த வைப்பதுதான் அவர் வேலை என்று யாரும் நினைவூட்டுவதில்லை.

சென்ற வாரம் காவலனின் அடுத்த பதிப்புக்குத் திட்டமிடக் கூடினார்கள். டாக்டர் வஹிதா புது விதிகள் கேட்டார். மருந்துக்கடை நிசார் அகமது தம் பங்குக்குச் சில கேட்டார். மாதவராஜ் ஒலியைக் குறைக்கும் வழிகளை விளக்கினார். சுவரில் காவலனின் திரை ஓடிக்கொண்டிருந்தது.

“ஏங்க மாதவராஜ், யாருங்க இந்தக் கிருஷ்ணப்பன்?” என்றார் வஹிதா. “பொங்கல்ல இருந்து அட்மிசன்ல இருக்காரு. எப்ப பாத்தாலும் ரத்த டெஸ்ட். எல்லாமே நார்மல்!”

மாதவராஜ் பஞ்சை எடுத்தார். “அப்படி ஒரு ஆளே இல்லீங்க மேடம்.”

லேபில் வேலை குறைந்த நேரங்களில் காவலன் வீணாகக் கூவுகிறதென்று, மாதவராஜ் ஒரு நோயாளியைப் படைத்திருந்தார். கிருஷ்ணப்பனின் ‘முடிவுகள்’ லேபைத் தொடாமல் நேரே காவலனுக்குள் விழும். லேப் நலமாக இருப்பதாக அது நம்பிக்கொள்ளும்.

“அதாங்க, நம்ம கடையில ஒரு மாத்திரகூட வாங்கல,” என்றார் நிசார் அகமது. “அடுத்த வெர்சன்ல இதையும் சேருங்க. நோவே இல்லாத பேசண்ட் இருந்தா மணி அடிக்கணும்.”

வஹிதா சிரிக்கவில்லை. “அவரை டிஸ்சார்ஜ் பண்ணுங்க. இப்பவே.”

பண்ணினார். சற்று நேரத்தில் காவலன் அலறத் தொடங்கியது. லேபுக்குப் போன் போட்டுக் கேட்டதில், இணைப்பு காலையிலேயே போயிருந்தது தெரிந்தது. அங்கே தேங்கிக் கிடந்த முடிவுகளில் ஒன்று வார்டில் படுத்திருந்த வத்தல்மலைக் கண்ணம்மாளுடையது. பொட்டாசியம், இதயத்தையே நிறுத்திவிடும் அளவுக்கு ஏறியிருந்தது. வஹிதா செருப்பைக்கூட மாட்டாமல் வார்டுக்கு ஓடினார்.

ஊசி ஏறி, துடிப்பு ஒழுங்குக்கு வந்த பிறகு, “எதுக்குங்க சாமி எல்லாரும் இப்படி ஓடியாறீங்க? யாருக்கு என்னாச்சு?” என்று கேட்டாள் கண்ணம்மாள். வாசலில் நின்றிருந்த மாதவராஜுக்குப் பதில் தெரியும்.

இணைப்பைச் சரிசெய்யச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை காவலன் அலறிக்கொண்டே இருந்தது. மாதவராஜ் ஒலியைக் குறைக்கவில்லை. பஞ்சைக் குப்பையில் போட்டார். லேப் முடிவுகளைத் தாளில் எழுதி, வார்டு வார்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்.