கிட்டத்து லென்ஸ்

ஒன்பது வயதில் நான் அம்மனையே ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதி வைத்துக்கொண்டு. எல்லாம் ஒரு கேமரா லென்சுக்காக.

அப்போது நாங்கள் மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். கிண்டியில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அதிலிருந்து மாமா தெருவில் இறங்குவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்கு யாராவது வந்தால் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார். ஒருநாள் கீழ்வீட்டு அக்கா படியில் எதிர்ப்பட்டு, "இன்னா தம்பி, வேலை எதுனா கெடச்சுதா?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு மாமா இறங்க வேண்டுமென்றால் என்னை முன்னால் அனுப்பி, படியில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். எனக்கு அது திருடன் போலீஸ் விளையாட்டு மாதிரி. "யாரும் இல்ல மாமா, ஓடு!" என்று கத்துவேன். கத்தினால் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் சிநேகிதர் ஒருவர் வெளிநாட்டுக்குப் போகும்போது தன்னுடைய பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். உடம்பு மட்டும்தான், லென்ஸ் கிடையாது. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு கறுப்பு மூடி. கண் திறக்காத சாமி சிலை மாதிரி இருக்கும். மாமா அதைத் தினமும் துடைத்துத் துடைத்து வைப்பார். மற்றபடி அவர் ஆசையாகத் தொட்ட பொருள் அந்த வீட்டில் வேறெதுவும் இல்லை. அம்மா அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள், "ஒரு லென்ஸ் வாங்கித் தர்றேன், கெளம்புடா. ஒண்ணுதான்" என்றாள்.

தி.நகரில் ஒரு சந்துக்குள் பழைய கேமரா விற்கும் பாய் கடை. மாமா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். கேள்வி எல்லாம் அம்மாதான் கேட்டாள். புதிதாகப் படம் எடுக்கிறவர்கள் முதலில் வாங்கும் சின்ன ஜூம் லென்ஸ் அன்று பாயிடம் இல்லை. வேறு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று நீளமாக, குழாய் மாதிரி. இன்னொன்று குட்டையாக, எங்கள் வீட்டுக் குங்குமச் சிமிழைவிடக் கொஞ்சம் பெரிது.

"அக்கா, இது தூரத்து லென்ஸ். மொட்டை மாடில குந்திக்கினே எதிர் மரத்துக் கிளியப் புடிக்கலாம். யாருக்கும் தெரியாது. இது கிட்டத்து லென்ஸ். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் மூஞ்சி பளிச்னு விழும். ஆனா ஜூம் கெடையாது. பெருசா வேணும்னா நாமதான் நடந்து கிட்டப் போவணும்."

"போயி?" என்றாள் அம்மா.

"போயி இன்னா, பேசணும். மூஞ்சிக்கு நேரா போய் நின்னுக்கினு பேசாம படம் எடுத்தா அடிக்க மாட்டாங்களா?"

அம்மா அந்தக் குட்டை லென்சைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாமா முதன்முறையாக வாயைத் திறந்து, "தூரத்துதுதான் வேணும்க்கா" என்றார். எனக்கும் அதுதான் வேண்டும். நிலாவில் இருக்கும் பள்ளத்தைக் காட்டுகிறேன் என்று மாமா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"சாமியக் கேட்டுட்டு வர்றோம் பாய்" என்று அம்மா கிளம்பிவிட்டாள். "கேளுங்க அக்கா, கடை எங்க ஓடிடப் போவுது" என்று அவர் சிரித்தார்.

எங்கள் வீட்டில் எந்த முடிவானாலும் அம்மன் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்த்துத்தான் எடுப்போம். வெள்ளைப் பூவை ஒரு தாளிலும் சிவப்புப் பூவை இன்னொரு தாளிலும் மடித்து வைத்துக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூதான் அம்மன் சொன்ன பதில். அந்த வெள்ளிக்கிழமை வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கிட்டத்து லென்ஸ், சிவப்பு அரளி வந்தால் தூரத்து லென்ஸ் என்று அம்மா சொன்னாள். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று நாட்காட்டித் தாளில் இரண்டு பொட்டலம் மடித்து வைத்தாள்.

கற்பூரம் எடுக்க அவள் திரும்பிய நேரத்தில் நான் இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டேன். ஒன்று உப்பலாக இருந்தது, இன்னொன்று சப்பையாக. எங்கள் வீட்டு நந்தியாவட்டை அடுக்கு இதழ், உப்பலாகத்தான் இருக்கும். ஆகவே சப்பையாக இருப்பது அரளி. கற்பூரம் காட்டி முடித்ததும், கண்ணை இறுக மூடி, பக்தியாகத் தடவுகிற மாதிரி தடவிச் சப்பைப் பொட்டலத்தை எடுத்தேன்.

பிரித்தால் வெள்ளை. சின்னதாக ஒரு நந்தியாவட்டை.

அம்மன் என்னைப் பார்த்துவிட்டாள்! மாமா மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். அம்மா இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

போன வருஷம் என் மகளைச் சாந்தோமில் சேர்ப்பதா, வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதா என்று குழம்பி, பூக்கட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "உனக்கு எது வேணும்னு தெரியும்ல? அப்ப ரெண்டுலயும் வெள்ளையே வை" என்றாள்.

"சாமி குத்தம் ஆவாதாம்மா?"

"லென்ஸ் கடைப் பாய் வாயால அம்மன் அன்னிக்கே சொல்லிட்டாளே. திரும்பத் திரும்பக் கேட்டா அவளுக்குக் கோவம் வராதா?"

மாமா பெரிய போட்டோகிராபர் ஒன்றும் ஆகிவிடவில்லை. இப்போது அடையாறில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறார். நாள் முழுக்க ஜனங்களோடு பேசுகிற வேலை. ஆனால் அந்தக் கிட்டத்து லென்ஸ் வாங்கி வந்த புதிதில் நாங்கள்தான் மாட்டிக்கொண்டோம். சின்ன வீட்டில் அதை வைத்துக்கொண்டு எடுத்தால் மூக்கும் காதும்தான் விழும். அம்மாவையும் என்னையும் ஒரே படத்தில் அடக்க மாமா வாசலைத் தாண்டிப் படியில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. நான் எல்லாப் படத்திலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். நான்காவது நாள் அம்மா, "என் மூஞ்சியையே எத்தினி வாட்டிடா எடுப்ப? கீழ எவ்ளோ மூஞ்சி கீது, போ" என்று துரத்தினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவிலிருந்து மாமாவின் குரல் கேட்டது. இஸ்திரி வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"எடு நைனா. இரு, நல்ல சட்டையா மாட்டிக்கினு வரேன்."

"அது ஊரான் சட்டைண்ணே!"

இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் மேலே வந்தது. அம்மா தோசைக் கரண்டியோடு ஜன்னலில் போய் நின்றாள்.

"அம்மா, தோசை கருகுது."

அவள் திரும்பவில்லை. புகை வந்தது. நான் இரண்டு தடவை கத்தினேன். கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் கருகிய தோசையை எடுத்து என் தட்டிலேயே போட்டாள். அம்மனை ஏமாற்றப் பார்த்ததற்கு இதுதான் தண்டனை என்று நினைத்துக்கொண்டு, நான் அதை முழுசாகத் தின்று முடித்தேன்.