அறுபது டொலர்த் தடி

அன்று அத்தானின் கராஜில் நின்றவர்கள் நான்கு பேர்: என் அக்காவின் கணவரான அத்தான், அவருடைய தமையன், கோயில் செயலாளர், நான். வராதவர்கள்: கோயிலுக்கு நாங்கள் செய்யப்போகிற வில்லால் அம்பு எய்யவிருக்கும் குருக்கள், அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே நின்றுகொண்ட அக்கா, வில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த எவரும்.

நடுவே ஸ்டூல் மீது ஒரு தடி கிடந்தது. ஆறடி நீளம், ஹிக்கரி என்கிற வைர மரத்தில் பிளந்தெடுத்தது. மரம் வளரும்போதே முறுகி வளர்ந்திருந்ததால், ஒரு நுனியைத் தட்டையாக வைத்தால் மறு நுனி காற்றாடி இறக்கை போலச் சரிந்து நின்றது.

"உது என்ன தம்பி, பாம்பு மாதிரிக் கிடக்கு?" என்றார் செயலாளர்.

"முறுகி வளர்ந்த மரம், அங்கிள். மெல்ல மெல்லத்தான் நிமித்தலாம்."

"கையால பிடிச்சு ஒரு திருப்புத் திருப்பேலாதே?"

"ஏலாது."

"படிச்ச பிள்ளையள் எதுக்கும் ஏலாது எண்டுதான் துவங்குவினம்."

தடியை வாங்கியவர் தமையன். விற்ற மனிதரிடம் இரண்டு தடிகள் இருந்தனவாம். நேரானது நூற்றெண்பது, முறுகியது அறுபது. "மரம் மரந்தானே. நூற்றெண்பது குடுக்க நான் என்ன விசரனே?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். மரியாதை என்று ஒன்றிருக்கிறது.

வில் எதற்கு என்று சொல்ல வேண்டும். கோயிலின் வருடாந்தத் திருவிழாவில் ஒரு நாள் வேட்டைத் திருவிழா. சாமி வெளியே வேட்டைக்குப் போவார். ஸ்காபரோவில் வெளியே என்றால் கார் நிறுத்துமிடம். அங்கே நட்டு வைத்த வாழைக்குற்றியை நோக்கிக் குருக்கள் ஓர் அம்பு விடுவார். திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பம் தன் செலவில் செய்யும். போன வருடம் அந்த நாளைச் செய்த, மில்லிக்கன் பகுதியில் இருக்கிற குடும்பம் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு கண்ணாடி இழை வில்லை வாங்கி வந்தது. விலைச்சீட்டைக்கூட உரிக்கவில்லை. சனம் சிரித்தது. எல்லோரிலும் பெரிதாகச் சிரித்த அத்தான், அடுத்த வருடம் தான் அசல் மரவில் கொண்டுவருவதாக எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். செயலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "மரவில்லில அம்பு போச்சுதெண்டா, வேட்டைத் திருவிழா இனி உங்கட குடும்பத்துக்குத்தான், எப்பவும்."

அத்தான் ஆளே மாறிப்போனார். எட்டு வருடமாக அவருக்குக் கிடைத்தது, கொடி இறங்கித் திருவிழா முடிந்த மறுநாள் வருகிற, ஐம்பது பேர்கூடச் சேராத ஒரு பொழுது. அவர் லொறி ஓட்டுகிறவர். வேலையிலும் சரி கோயிலிலும் சரி, "முன்னுக்கு வாங்கோ" என்று அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. பெரிய நாள் ஒன்று கிடைத்தால் கூப்பிடுவார்கள். இந்தக் கதையில் என்னால் முழுதாக இகழ முடியாத ஒரே ஆசை அது.

நான் எப்படி இதற்குள் வந்தேன்? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன், பல்கலைக்கழகமும் போனேன். அதனால் கடிதம், வரி, காப்புறுதி எல்லாம் என் கைக்கு வரும். நான் வாசிப்பேன், அவர்கள் தலையாட்டுவார்கள், பிறகு தாங்கள் முதலில் நினைத்ததையே செய்வார்கள். படிக்கிற காலத்தில் மரவேலைக் கழகத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து ஒரு வில் செய்திருந்தேன். ஒன்றே ஒன்று. எங்கள் ஆட்களிடையே அது நிபுணத்துவம்.

ஒன்பது சனிக்கிழமைகள் நான் இருக்கிற டோர்செட் பார்க்கிலிருந்து பஸ் பிடித்து, அத்தானின் வீடு இருக்கிற அஜின்கோர்ட்டுக்குப் போனேன். வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு மறுபுறமான வெளிப்பக்கத்தில், ஒரே ஆண்டு வளையம் முழுதாக நிற்கும்படி மேல்மரத்தைச் சீவினேன். அந்த வளையத்தை வெட்டினால் வில் முறியும். பிறகு முறுக்கு. அக்காவின் பெரிய இடியப்பச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, தடியின் ஒரு பாதியை வெள்ளித்தாளால் மூடி நீராவியில் வைப்பேன். "இடியப்பத்தில மர மணம் வந்தா அடுத்ததா உன்னைத்தான் அவிப்பன்" என்றாள் அக்கா. அந்த வீட்டில் காரணத்தோடு பேசியவள் அவள் ஒருத்திதான்.

மரம் சூட்டில் இளகியதும் நடுப்பகுதியைக் கிளாம்பில் இறுக்கி, நுனியில் ஒரு நீண்ட கட்டையைக் குறுக்கே கட்டி, கட்டையின் முனையில் இருபது இறாத்தல் அரிசிப் பையைத் தொங்கவிடுவேன். பை கீழே இழுக்க, முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். நேர்நிலையைக் கொஞ்சம் தாண்டவிட வேண்டும், ஏனென்றால் அவிழ்த்ததும் மரம் கொஞ்சம் பின்வாங்கும். ஒரு கிழமை அப்படியே தொங்கும். அடுத்த சனி மறு பாதி. மிச்சம் நின்ற சரிவுக்கு நல்லெண்ணெய் தடவி ஹீட் கன்னால் சூடு காட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரு விரற்கடை திரும்பும். சில சனிக்கிழமை அதுவும் இல்லை.

தமையன் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கையால் ஒன்றையும் தொட்டதில்லை.

"யூடியூப்பில ஒருத்தன் உந்த வேலையைப் பத்து நிமிசத்தில முடிக்கிறான், தம்பி."

"அவன் வீடியோவை வெட்டி ஒட்டினவன், அண்ணை."

"அப்ப நீயும் வெட்டி ஒட்டன்."

ஏழாவது சனி, இரு நுனிகளும் ஒரே திசையைப் பார்த்தன. தொய்வாகக் கட்டிப் பார்த்த நாண் கைப்பிடியின் நடுவால் ஓடியது. பிறகு எய்பவரைப் பார்க்கிற வயிற்றுப் பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, வில்லின் மேல் கை, கீழ்க் கை இரண்டும் ஒரே அளவு வளையும்வரை கொண்டுவந்தேன். ஒன்பதாவது சனி, கராஜுக்குள்ளேயே அரிசிச் சாக்கைச் சாய்த்துவைத்து ஓர் அம்பு விட்டேன். நேரே போய்க் குத்தியது. அத்தான் சாக்குக்குப் பக்கத்தில் போய் அம்பைத் தொட்டுப் பார்த்தார். "போகுது, என்ன?" என்றார், மிக மெதுவாக.

மிஞ்சியது வார்னிஷ். செயலாளர் தடுத்தார்.

"வார்னிஷ் அடிச்சா சந்தனம் ஒட்டாது."

"அடிக்காட்டி ஈரம் ஏறும், அங்கிள். சூடு காட்டி நிமித்தின மரம் ஈரம் குடிச்சா பழையபடி முறுகும்."

"சாமிக்குப் போற சாமான். ஆர் அதில தண்ணி ஊத்தப்போயினம்?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் செயலாளரைப் பார்த்தார். வார்னிஷ் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கடதாசியில் கொட்டை எழுத்தில் எழுதி வில்லின் நடுவில் கட்டினேன்: தண்ணீர் படக்கூடாது. எய்யும் நேரம் தவிர நாண் ஏற்றக்கூடாது. தமிழில்தான் எழுதினேன். செயலாளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மேடையில் மணிக்கணக்காக வாசிப்பார்.

வேட்டைத் திருவிழாவுக்கு முதல் நாள் நான் வேலையில் நின்றேன். மறுநாள் பின்னேரம் கோயிலுக்குப் போனபோது வில் ஒரு வெள்ளித் தாம்பாளத்தில், மாலை போட்டு, நாண் ஏற்றியபடி நின்றது. கிட்டப் போனேன். தயிர் மணத்தது.

"நேற்றுக் காலமை அபிஷேகம்" என்றார் தமையன், பெருமையோடு. "பால், தயிர், தேன், இளநீர், பஞ்சாமிர்தம் எல்லாம். பிறகு ஈரப் பட்டில சுத்தி இண்டைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சம். புது வில்லை அப்பிடியே சாமிக்குக் குடுக்கிறதே?"

மேல் நுனி சரிந்திருந்தது. நாண் நடுவைவிட்டு ஓரத்தில் ஓடியது. ஒன்பது சனிக்கிழமைகளும் ஒரு குடம் இளநீரில் கரைந்து போயிருந்தன.

"அங்கிள், நான் கட்டின கடதாசி எங்க?"

செயலாளர் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்தார். நான்காக மடித்திருந்தார். "பத்திரமா வச்சிருக்கிறன்" என்றார். கடதாசியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

குருக்களிடம் போய் நாண் வழுகும் என்று சொன்னேன். அவர் வில்லைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பார்த்தவுடன் விளங்கிக்கொண்டார். வெளியே கார்களுக்கு நடுவில் சனம் தொலைபேசிகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. பக்கத்தில் அத்தான், வேட்டி கட்டி, தலைப்பாகையோடு. காலையிலிருந்து அவரை மூன்று பேர் "முன்னுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டிருந்தார்கள்.

"ஐயா, ஒரேயொரு அம்பு" என்றார் அத்தான்.

குருக்கள் பாதிதான் இழுத்தார். மேல் நுனியிலிருந்து நாண் வழுகியது, வில் அவர் கைக்குள் புரண்டது, வில்லின் முதுகு நீளவாக்கில் வெடித்த சத்தம் தவிலுக்கு மேலால் கேட்டது. அம்பு அவருடைய காலடியில், தார் நிலத்தில் விழுந்தது. நல்லகாலம், கையில் காயமில்லை.

தமையன் முன்னால் போனார். அம்பைப் பொறுக்கினார். நாற்பது அடி நடந்து போய் வாழைக்குற்றிக்குள் கையாலேயே குத்தினார். வாழை மெதுமையானது, ஒரே குத்தில் இறங்கியது. "அரோகரா" என்றது சனம். தவில் உச்சத்துக்குப் போனது. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

மாலையிலேயே வீடியோ வந்தது. அதில் குருக்கள் வில்லை இழுக்கிறார். அடுத்த காட்சியில் அம்பு வாழையில் நிற்கிறது. தமையன் எனக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: "பாத்தியே, வெட்டி ஒட்டினா எவ்வளவு சுகம்."

அடுத்த ஞாயிறு நிர்வாகசபை கூடியது, அத்தான் என்னையும் கூட்டிப்போனார். வேட்டைத் திருவிழா யாருக்கு என்ற பேச்சு வந்தபோது வில்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோயிலுக்கு யார் கூடத் தருகிறாரோ அவருக்குத்தான் நாள் என்றானது. மில்லிக்கன்காரர் மூவாயிரத்து ஒரு டொலர் என்றார். செயலாளர் அத்தானைப் பார்த்தார். அத்தான் என்னைப் பார்த்தார், கணக்குப் பார்க்கத் தெரிந்தவன் என்று. நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். எப்போதும் போல அவர் தான் முதலில் நினைத்ததையே செய்தார்.

வெடித்த வில் கராஜில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. காய்ந்த பிறகும் முறுக்குப் போகவில்லை. விற்ற மனிதரிடம் எப்படிக் கிடந்ததோ அப்படியே இருக்கிறது. நாள் அத்தானுக்குத்தான், எப்போதும். ஐயாயிரத்து ஒரு டொலர்.